தட்டிவிட்டுப் பேசுகிறவர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி வந்து வந்து போகிறது, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த அறையில் காற்று வருகிறதா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், பதில் எழுது. இல்லாவிட்டால் தினமும் என் உயிரை எடுப்பாள்.

போன் எதற்கு இருக்கிறது என்று நீ முனகுவது இங்கே கேட்கிறது. போனில் நான் 'ஹலோ'வைத் தாண்டுவதற்குள் உன் மதிய இடைவேளை முடிந்துவிடும். காகிதத்தில் எனக்குத் திக்குவதில்லை. அதனால் படித்துத் தொலை.

ஒரு நல்ல செய்தி. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நாலு கடை தள்ளி, பலகை ஆட்டங்கள் விற்கும் கடை ஒன்று வந்திருக்கிறது. ஞாயிறு மதியம் அதன் பின்மேசையில் சிலர் கூடிக் கதை ஆட்டம் ஆடுகிறார்கள். நீயும் நானும் கட்டிலுக்கடியில் ஆடினோமே, அதேதான். ஒருவர் கதையை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள், சண்டை வந்தால் பகடை உருட்டுகிறார்கள். போன வாரம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். இந்த வாரம் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

என் பாத்திரம் என்ன இனம் என்று கேட்டார்கள். ஒருவர் குள்ளர், இன்னொருவர் கூர்காதுக்காரர், பல் டாக்டர் ஒருவர் பாதி அரக்கன். நான் யோசிக்கவே இல்லை. கதவர் என்றேன். அப்படி ஓர் இனம் புத்தகத்தில் இல்லையே என்றார்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என் பேரைக் கேட்டார்கள். எனக்கு முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. அவர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் ஆட்டத்தில் நீ என்னிடம் சொன்னாய்: "அக்கா, உங்க ஆளுங்க வார்த்தைக்குள்ள சும்மா நுழைய மாட்டாங்க. தட்டிட்டுதான் போவாங்க. அதான் மரியாதை." நீ அப்போது அரை டிக்கெட். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு முழு இனத்தையே கட்டினேன்.

அதை அந்த மேசையில் விளக்கினேன். வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் அரசியாக ஆடுகிறார். நான் அவர் முன் நின்று 'ம-ம-மகாராணி' என்றதும் அவர் தலையை லேசாகக் குனிந்து, சொல் திறக்கும்வரை காத்திருந்தார். மற்றவர்களும் காத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் பேசினேன்டா. வெளியாட்களிடம் நான் மொத்தமாகப் பேசியதே அவ்வளவு இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள், வாலு.

உன் அக்கா

பிப்ரவரி 21

என் அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். அறையில் காற்று வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் புகைக்கிற சிகரெட்டோடு சேர்ந்து வருகிறது. முதல் பாதியை மட்டும் அம்மாவிடம் சொல். முட்டிக்கு டாக்டரிடம் போகச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ரொம்ப சந்தோஷம். அந்த வங்கி அம்மாளுக்கு என் கும்பிடு.

இங்கே, இந்த மாதிரி ஆட்டங்களுக்குப் புத்தகம் போடும் பதிப்பகத்தில், என் வேலை இன்னும் எண் போடுவதுதான். கோடரிக்கு எத்தனை பலம், விஷத்துக்கு எத்தனை காயம். கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் எல்லாரும் காபிக் கோப்பையைப் பார்க்கிறார்கள். அடுத்த புத்தகத்துக்குப் புது இனங்கள் வேண்டுமாம். வால் வைத்த மனிதன், கொம்பு வைத்த மனிதன் என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டு வருகிறார்கள். காதை நீட்டிவிட்டால் இனம் ஆகிவிடுமா? அந்த இனத்தில் பிறந்தவனுக்கு மட்டும் வரக்கூடிய ஒரு சிக்கல் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆடுகிறவனுக்குக் கதை கிடைக்கும். இதை நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ஒரு சின்ன ஆசை. கதவர் பற்றி நீ கட்டினதெல்லாம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. நேரம் கிடைத்தால் எழுதி அனுப்பேன். சும்மாதான்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள வாலுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். டாக்டர் அம்மாவின் எடையைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த டாக்டரையே பிடிக்கவில்லை.

நீ கேட்டதும் எனக்குக் கை பரபரத்துவிட்டது. நாளெல்லாம் கண்ணாடிச் சில்லைச் சாணையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு இருக்கிறவளிடம் போய்க் கதை கேட்டால் சும்மா விடுவேனா.

கதவருக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு வீடு. உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள், அதனால் தட்டாமல் நுழைவது அநாகரிகம். சின்னச் சொல்லுக்கு ஒரு தட்டு போதும், கனமான சொல்லுக்கு மூன்று. 'அம்மா'வுக்கு மட்டும் தட்ட வேண்டாம், அது சொந்த வீடு. சில நாள் சில சொல் திறக்காது. அன்றைக்கு விட்டுவிட்டு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள். நான் 'பன்னிரண்டு' என்று சொல்ல முடியாமல் 'ஒரு டஜன்' என்பேனே, அது அங்கிருந்து வந்ததுதான்.

ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து அந்தச் சொல்லைத் தானே சொல்லிவிடுகிறவன் அவர்கள் சட்டத்தில் திருடன். நம் சித்தப்பாவைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். சரளமாகப் பேசுகிறவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள், பொய்தான் தட்டாமல் வரும் என்பது அவர்கள் எண்ணம்.

இதிலிருந்து எவ்வளவு கதை வருகிறது தெரியுமா? போன ஞாயிறு எங்கள் கூட்டம் ஒரு மலைப்பாதையில் போகிறது. மேலேயிருந்து அம்பு வருவதை நான் மட்டும் பார்க்கிறேன். 'ஓடுங்க' என்று கத்த வேண்டும். தட்டினால் நேரம் போய்விடும், தட்டாவிட்டால் என் கதவர் இனம் என்னைச் சேர்க்காது. கதை நடத்துகிறவர் என்னைப் பார்க்கிறார், மேசையே பார்க்கிறது. நான் தட்டினேன். முதல் தட்டிலேயே பல் டாக்டரின் அரக்கன் குனிந்துவிட்டான். 'உன் தட்டு கேட்டதுமே ஏதோ பெரிய வார்த்தை வருதுன்னு புரிஞ்சுபோச்சு' என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பகடையைத் தேடுவது போல மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

இன்னொன்று. எங்கள் கண்ணாடிக் கடையில் முன் மேசைப் பெண் பிரசவத்துக்குப் போகிறாள். அந்த இடத்துக்கு வருகிறாயா என்று முதலாளி கேட்டார். வருகிறவர்களிடம் பேசி, ஃபிரேம் காட்டி, பில் போட வேண்டும். போன வருடம் கேட்டிருந்தால் ஓடி ஒளிந்திருப்பேன். ஆகஸ்டிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா நம்பவில்லை, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எல்லாம் நீ போட்ட பிச்சை என்று தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே. முடிவெட்டிக்கொள்.

அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்று ஒரு வரியாவது எழுதக் கூடாதா? போன கடிதம் கிடைத்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அம்மா தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறாள், முட்டி வலியை மறந்து.

அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். தலைக்கு மேல் வேலை. கடிதம் அப்போதே கிடைத்தது. நாங்கள் ஒரு புத்தகத்தை அச்சுக்கு அனுப்பி முடித்தோம், அதில் மூச்சுவிட நேரமில்லை. என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். தனி மேசை, ஜன்னலோரம். இப்போது நான் பேசினால் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு மெத்தென்ற செருப்பு அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று சொல். முன் மேசை வேலைக்கு வாழ்த்து.

உன் தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

செருப்பு அளவாக இருக்கிறது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்க ஒரு சுற்று வந்தாள்.

உங்கள் புத்தகம் ஆட்டக் கடைக்கு வந்தது. கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். கதவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே உன் பேர். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு மனம் பூரித்துப்போய்விட்டது. என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்து ஆச்சரியப்படுத்துகிறான் என்று நினைத்தேன்.

அப்புறம் படித்தேன். 'பேச்சுத் திறன் மூன்று புள்ளி குறைவு. மந்த புத்தியுள்ள, நல்ல மனம் கொண்ட இனம். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தடவை திக்கிப் பேசினால் ஆட்டம் களைகட்டும்.' வாய் திறந்து, எச்சில் ஒழுக ஒரு படம். வீடு எங்கே, சட்டம் எங்கே, சாட்சிக் கூண்டு எங்கே? எதுவும் இல்லை. திக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு மரியாதையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

உன்னை ஏமாற்றிவிட்டார்களாடா? உன் பேரைப் போட்டு இப்படிச் செய்ய அவர்களுக்கு எப்படி மனது வந்தது? நீ எழுதிக்கொடுத்ததை உங்கள் எடிட்டர் வெட்டிவிட்டாரா? நீ அங்கே தனியாக, யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏப்ரலில் நீ எழுதாததற்குக் காரணம் இதுதானா? என்னிடம் சொல்லியிருக்கலாமே.

ஞாயிறு மேசையில் புதிதாக வந்த ஒருவர் 'நானும் கதவர்' என்று ஆட ஆரம்பித்தார். ப-ப-ப என்றார், எல்லாரும் சிரித்தார்கள். வங்கி அம்மாள்கூட. அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உன் அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நினைத்தது சரிதான். எடிட்டர்தான் மாற்றினார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அச்சுக்குப் போன பிறகுதான் முழுவதையும் பார்த்தேன். உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். அடுத்த பதிப்பில் கண்டிப்பாகத் திருத்தச் சொல்கிறேன். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

எங்கள் ஆபீஸிலிருந்து ஒருவர் ஊர் ஊராகப் போய் இந்தப் புத்தகத்தை ஆடிக் காட்டுகிறார். மாதக் கடைசியில் உங்கள் கடைக்கும் வருவார். அன்றைக்கு நீ போக வேண்டாம் அக்கா. ஒரே கூட்டமாக இருக்கும், உனக்குத் தலைவலி வரும். அம்மாவை எங்காவது அழைத்துக்கொண்டு போயேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

அம்மா நலம். நான் போனேன்.

போனது உனக்காக. உன் தரப்பை அந்த ஆளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், 'என் தம்பி எழுதினது இது இல்லை' என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று போனேன். கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தை ஒரு வாரம் பழகினேன்.

வந்தவன் நல்ல பையன்தான். கலகலப்பாகப் பேசினான். கொம்பு வைத்த இனத்தை ஆடிக் காட்டினான், வால் வைத்ததை ஆடினான். பிறகு கதவர் என்றான். எழுந்து நின்றான். இடது கண்ணை மட்டும் இறுக்கிச் சுருக்கினான். கட்டை விரலால் காலர் எலும்பைத் தேய்த்தான். தாடையை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு 'ம-ம-ம' என்றான். கடையே சிரித்தது.

அந்தக் கண் புத்தகத்தில் இல்லை. அந்தக் கட்டை விரல் படத்திலும் இல்லை. வார்த்தை நின்றுபோகும்போது நான் காலர் எலும்பைத் தேய்ப்பேன் என்பது எங்கள் ஞாயிறு மேசையை விட்டால் இந்த உலகத்தில் அம்மாவுக்கும் உனக்கும்தான் தெரியும். என்னை வாழ்நாளில் பார்த்தே இராத ஒருவன் என்னை அப்படியே செய்துகாட்டினான்.

எங்கே கற்றுக்கொண்டான் என்று பல் டாக்டர்தான் கேட்டார். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இதை எழுதினவர் எங்க ஆபீஸ்லயே பெரிய நடிகர் சார். எடிட்டர் முதல்ல இந்த இனமே வேணாம்னுட்டார், ரொம்ப சீரியஸா இருக்குன்னு. இவர் எந்திரிச்சு நின்னு ஒரு தடவை நடிச்சுக் காட்டினார் பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. அங்கேயே ஓகே பண்ணிட்டாங்க. இப்பவும் வாரா வாரம் கேட்டு நடிக்கச் சொல்லுவோம்."

வாரா வாரம்.

பழகிக்கொண்டு போன வாக்கியத்தைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். எடிட்டர் மாற்றினார் என்று எழுதினாயே, எவ்வளவு சரளமாக எழுதியிருந்தாய். 'நாங்கள் ஒரு புத்தகத்தை அச்சுக்கு அனுப்பி முடித்தோம்' என்று மே மாதத்தில் எழுதினாய். 'நாம்' இல்லை, 'நாங்கள்'. அந்த ஒரு சொல்லில் நீ என்னை வெளியே நிறுத்திவிட்டாய், எனக்குத்தான் உறைக்கவில்லை.

விருந்தாளிகள் சிரித்தபோது எனக்கு வலித்தது. ஆனால் அவர்கள் விருந்தாளிகள். நீ என் பக்கம் நின்றாய் என்பதை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் வெளியே தலைகாட்டினேன். அதைக் கொண்டுபோய் ஒரு ஜன்னலோர மேசைக்குக் கொடுத்திருக்கிறாய்.

முன் மேசைக்கு வரவில்லை என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

அக்கா

செப்டம்பர் 5

அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

நான் உன்னை நடிக்கவில்லை அக்கா. கதவரை நடித்தேன். நீ எழுதினது எல்லாவற்றையும், ஒரு வரி விடாமல், கூட்டத்தில் வாசித்தேன். யாரும் கேட்கவில்லை. 'சரி, எப்படித்தான் பேசுவாங்க?' என்று எடிட்டர் கேட்டார். எழுந்து காட்டினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர்கள் சிரிப்பார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை. சிரித்ததும் நான் நிறுத்தியிருக்க வேண்டும். அதுவரை என்னை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் பார்த்தார்கள், தோளில் தட்டினார்கள். நிறுத்த முடியவில்லை.

உன்னிடம் பொய் சொன்னது தப்பு. அதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

இரண்டாம் பதிப்பு வருகிறது. நீயே கதவரை எழுது, உன் பேரில் போட ஏற்பாடு செய்கிறேன். அக்டோபரில் ஒரு வாரம் லீவு போட்டு வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம். அம்மாவிடம் எதையும் சொல்லிவிடாதே.

உன் தம்பி

செப்டம்பர் 15

தம்பிக்கு,

அம்மாவிடம் சொல்லவில்லை. நீ அக்டோபரில் வருவதை மட்டும் சொன்னேன். உன் மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள்.

புத்தகத்தில் என் பேர் வேண்டாம். கதவர் பேச்சு இனி யார் வாயில் வந்தாலும் எனக்குத் திக்கலாகத்தான் கேட்கும், தட்டலாகக் கேட்காது. இரண்டாம் பதிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறேன் என்கிறாய். வா. உன் வீடு. ஆனால் ஒன்று செய்ய வேண்டும். உங்கள் ஆபீஸ் கூட்டத்தில் எழுந்து நின்று செய்ததை நம் கூடத்தில், என் முன்னால், ஒரு தடவை செய்துகாட்டு. கண்ணைச் சுருக்கு, எலும்பைத் தேய், தாடையைக் கோணு. எதையும் குறைக்காதே. அழ மாட்டேன், திட்டவும் மாட்டேன். வாரா வாரம் அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்களோ அதை நானும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காரலாம்.

கதவரை நடித்தேன், உன்னை இல்லை என்கிறாய். அது உண்மையென்றால் உனக்கு இதில் ஒரு சிரமமும் இருக்காது.

அக்கா

அக்டோபர் 8

அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லீவு கிடைக்கவில்லை. வருடக் கடைசி வேலை நெருக்குகிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

தம்பி

நவம்பர் 11

தம்பிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். மெத்தையைச் சுருட்டி உள்ளே வைத்தாள். இனிமேல் கடிதம் எழுதுவதாக இருந்தால் அவள் பேருக்கு எழுது. எனக்கு வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு நான் அந்த ஆட்டக் கடைப் பக்கமே போகவில்லை. வேலைக்குக்கூட எதிர்ச்சாரியில் நடந்துதான் போனேன். போன வாரம் பல் டாக்டர் கண்ணாடிக்கு என்று வந்தார். நான் சாணை பிடிக்கும் பின் அறை வாசலில் நின்று, 'புதுக் கதை ஆரம்பிக்கிறோம், ஒரு நாற்காலி காலியா இருக்கு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மூன்று நாள் வேண்டாம் என்றே இருந்தேன். ஞாயிறு மதியம் கால் தானாக அங்கே போய்விட்டது.

மேசையில் முன்பிருந்தவர்கள்தான், புதிதாக இரண்டு பேர். உங்கள் புத்தகம் நடுவில் கிடந்தது. கதை நடத்துகிறவர் ஒவ்வொருவரிடமும் இனம் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் வங்கி அம்மாள் அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டார்.

மனுஷி என்று சொல்ல வந்தேன். 'ம'வில் நின்றுவிட்டது. கண் சுருங்கியது, விரல் எலும்புக்குப் போனது. நீ செய்துகாட்டினதெல்லாம் ஒன்று விடாமல் வந்தது. புதிதாக வந்தவர்களில் ஒருவர், கதவர்தானே என்று சிரித்தார். இதை நீ நம் வீட்டில் ஒரு தடவை செய்துகாட்டியிருந்தால் எனக்கு அந்த நேரத்தில் அவ்வளவு கூசியிருக்காது என்று நினைக்கிறேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு மிச்ச எழுத்துகளைச் சொன்னேன்.

மனுஷிக்கு இந்தப் புத்தகத்தில் புள்ளி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லையே, பரவாயில்லையா என்று கதை நடத்துகிறவர் கேட்டார். பரவாயில்லை என்றேன். அதிலும் திக்கியது. எழுதிக்கொண்டார்.

அக்கா